ஓடுபவர்களின் முழங்கால் வலி: இடுப்பிலிருந்து தொடங்கும் பயிற்சி

தொடர்ந்து ஓடுபவர்களுக்கு முழங்கால் சில்லைச் சுற்றியோ அதன் பின்புறத்திலோ வரும் வலி, மாடிப்படி இறங்கும்போதும், குந்தி எழும்போதும், நெடுநேரம் உட்கார்ந்திருக்கும்போதும்தான் பெரும்பாலும் அதிகமாகத் தெரியும். எலும்பு தேய்ந்துவிட்டதோ என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் ஓடும் தூரத்தையோ வேகத்தையோ திடீரெனக் கூட்டியதால், சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலுள்ள மூட்டின் மேல் தாங்கும் அளவுக்கு மீறிய சுமை விழுவதே வழக்கமான காரணம். ஓய்வு வலியைத் தணிக்குமே தவிர, தசைக்கு வலுவூட்டாது. ஒரு மாதம் ஓடாமல் இருந்தவருக்கும் மீண்டும் ஓடத் தொடங்கிய வாரத்திலேயே வலி திரும்புவது அதனால்தான்.

முழங்கால் வீங்கியிருந்தாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ, காய்ச்சல் இருந்தாலோ பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவரைப் பாருங்கள். வலியில்லாமல் கேட்கும் சொடக்குச் சத்தத்துக்கு மட்டும் பயப்பட வேண்டியதில்லை.

கண்ணாடிக்கு எதிரே ஒரு தாழ்வான படியில் வலியுள்ள காலை ஊன்றி நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மெல்ல இறங்கிப் பாருங்கள். ஊன்றிய முழங்கால் பாதத்துக்கு நேராக நில்லாமல் உள்பக்கம் சாய்ந்தாலோ, இடுப்பு ஒருபுறம் தாழ்ந்தாலோ, இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் வலுவிழந்திருக்கக்கூடும்.

ஆகவே முதல் இரண்டு வாரம் இடுப்பிலேயே கவனம் வையுங்கள். ஒருக்களித்துப் படுத்து, மேலே உள்ள காலை நீட்டி, குதிகாலைச் சற்றுப் பின்னோக்கி வைத்து உயர்த்தி இறக்குங்கள். கால் முன்னே வந்துவிட்டால் வேலை தொடையின் முன்பக்கத்துக்குப் போய்விடும், பலரும் தவறுவது இங்கேதான். பிறகு மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்குங்கள். ஒவ்வொன்றும் 10 முதல் 12 முறை, 3 சுற்று, வாரம் மூன்று நாள். அதன்பின் சுவரில் முதுகு சாய்த்துப் பாதியளவு உட்கார்ந்து எழுவதையும், முன்பு சோதித்த அதே படி இறக்கத்தையும் சேர்த்து, குறைந்தது 6 வாரமாவது தொடருங்கள்.

வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டால் 3-க்குள் இருப்பதும், மறுநாள் காலைக்குள் அடங்கிவிடுவதும் பாதகமில்லை. அந்த எல்லைக்குள் நிற்கும்வரை ஓட்டத்தை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. தூரத்தைக் குறைத்து, ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என மாற்றிக்கொள்ளலாம். வேகத்தைக் கூட்டாமல் அடிகளை மட்டும் 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால், அதாவது நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் 168 முதல் 176 வரை வைத்தால், ஒவ்வோர் அடியின் நீளமும் சுருங்கி, பாதம் உடலுக்கு அருகிலேயே ஊன்றி, சில்லின் மேல் விழும் அழுத்தம் குறையும்.