மொய் நோட்டில் ஏறாத மதிப்பு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணம் என்றால் மண்டபத்தில் மொய் நோட்டு இருக்கும். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்து, அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்வோம். பணத்துக்கு இது நல்ல ஏற்பாடு. செலவு நேரத்தில் கைகொடுக்கும். நம் மதிப்பையும் அதே மாதிரி ஊரார் கணக்கில் தேடும்போதுதான் மனசு உடைகிறது. பரப்பி வைத்த சீர்சாமானைப் பார்த்தவர் முகம் சுளித்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. பையனுக்குச் சிங்கப்பூர் வேலை கிடைக்கவில்லை என்றால் கோவிலில் பின்வரிசை.

கடவுள் தருகிற மதிப்பு மொய் அல்ல. திருப்பிச் செய்யத் தேவையில்லை, குறைந்துபோகவும் செய்யாது. இதை ஞாயிறு பிரசங்கத்தில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அது உள்ளே இறங்கத்தான் பழக்கம் வேண்டும். நான்கு வாரம் ஒதுக்குங்கள்.

முதல் வாரம் கவனிப்பது மட்டும். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆத்தும சோதனை முறை, அதாவது தன்னைத்தானே ஆராய்ந்து பார்க்கும் முறை, இதற்கு அருமையாகப் பொருந்தும். ஒரு சின்ன நோட்டில் நாளுக்கு இரண்டு கோடாக ஏழு நாளுக்குப் பதினான்கு கோடு போடுங்கள். மேல்கோடு எழுந்ததிலிருந்து மதியம் வரை, கீழ்க்கோடு மதியத்திலிருந்து இரவு வரை. பாராட்டுக்காக ஏங்கும் பழக்கங்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது, முடியாததற்கும் தலையாட்டிவிடுவது, பேச்சில் யாரையாவது மட்டம் தட்டித் தன்னை உயர்த்திக்கொள்வது, இப்படி ஏதாவது. காலையில் எழுந்ததும் அதை நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் அதில் விழும்போது நெஞ்சில் ஒருமுறை கை வையுங்கள்; பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. மதியமும் இரவும் எண்ணிக் கோட்டில் புள்ளி வையுங்கள்.

இங்கே இரண்டு தவறு நடக்கும். நான்கைந்து பழக்கத்தை ஒன்றாக எடுத்தால் மூன்றாம் நாளே நோட்டு மூலைக்குப் போய்விடும். இன்னொன்று மோசமானது: புள்ளி குறைந்தால் கடவுளுக்கு என்மேல் பிரியம் கூடும் என்று நினைப்பது. அப்படி நினைத்தால் மொய் நோட்டுக்கு அட்டையை மட்டும் மாற்றியிருக்கிறோம். புள்ளி, காயம் எங்கே என்று காட்டத்தான்.

இரண்டாம் வாரத்திலிருந்து புள்ளியோடு வசனமும் சேரட்டும். விடியற்காலை 15 நிமிடம், போன் வேறு அறையில். ஒரே பகுதியை வாய்விட்டு மெதுவாக மூன்று முறை வாசித்து, மீதி நேரம் சும்மா இருங்கள். வாரம் முழுக்க அதே பகுதிதான். தினம் ஒன்றாக மாற்றினால் எதுவும் ஊறாது.

இரண்டாம் வாரத்துக்கு மாற்கு 1:9-11. இயேசு திருமுழுக்குப் பெற யோர்தான் ஆற்றில் இறங்கியபோது, அந்த நற்செய்தியின்படி, ஒரு அற்புதமும் செய்திருக்கவில்லை, ஒரு பிரசங்கமும் பண்ணியிருக்கவில்லை. அதற்கு முன்பே 'என் அன்பார்ந்த மகன் நீரே' என்ற குரல் வந்துவிட்டது. வேலை பிறகு, அன்பு முதலில். இந்த வரிசையைத்தான் நாம் தினமும் தலைகீழாக்குகிறோம். மூன்றாம் வாரம் எசாயா 43:1-4. நீ என் பார்வையில் விலையேறப்பெற்றவன் என்கிற அந்தச் சொல், தோற்று, பாபிலோனில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்களுக்குச் சொன்னது.

நான்காம் வாரத்துக்கு லூக்கா 12:6-7. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. அப்படியானால் ஐந்தாவது கொசுறு! சந்தையில் விலையே இல்லாத அந்தக் குருவியையும் கடவுள் மறப்பதில்லை. தன்னைக் கொசுறாக நினைக்கிறவர்கள் இதில் ஒரு வாரத்துக்கு மேலும் தங்கலாம்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு செயலும் வேண்டும். விருந்துக்குத் திருப்பிச் செய்ய முடியாதவர்களைக் கூப்பிடு என்கிறார் இயேசு (லூக்கா 14:12-14). வாரம் ஒருமுறை, எந்த நோட்டிலும் ஏறாத உதவி ஒன்று. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெரிய வீட்டில் தனியாகக் கிடக்கும் பெரியவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். போட்டோ வேண்டாம், பங்குச் சாமியாரிடம்கூடச் சொல்ல வேண்டாம். யாரிடமாவது சொல்லிவிட மனசு துடிக்கும். அந்தத் துடிப்புதான் இவ்வளவு நாள் நம்மை ஆட்டிவைத்தது.

உறவுக்காரரிடம் மறுக்க வேண்டி வந்தால் வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்: "அத்தை, எங்களால இவ்வளவுதான் செய்ய முடியும், குறையா நினைக்காதீங்க." ஒருமுறை போதும். காரணத்தை அடுக்க ஆரம்பித்தால் மறுபடி அவர்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கிறோம் என்று அர்த்தம். ஆனால் எல்லார் பேச்சையும் தள்ளுவது விசுவாசம் ஆகாது. குறை சொன்னால் முதலில் அது உண்மையா என்று பாருங்கள்; உண்மையென்றால் நன்றி சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். 1 கொரிந்தியர் 4:3-4-இல் பவுல், மற்றவர் தீர்ப்பை மட்டுமல்ல, தனக்குத் தானே கொடுக்கும் தீர்ப்பையும் ஆண்டவரிடம் விட்டுவிடுகிறார்.

முடிந்தால் நான்காம் வாரம் இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர் போய்வாருங்கள். போர்ச்சுக்கல்லிலிருந்து வந்த இயேசு சபைக் குரு புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று இரத்தம் சிந்திய இடம். லிஸ்பன் அரசவையில் வளர்ந்தவர். இடையில் ஐரோப்பா போனபோது மன்னர் அங்கேயே இருக்கச் சொல்லியும் மறவநாட்டுக்கு, அதாவது இந்த இராமநாதபுரப் பகுதிக்கு, திரும்பி வந்தவர். நேர்ச்சை எதுவும் வைக்காமல், கேட்க ஒன்றும் இல்லாமல், அரை மணி நேரம் செம்மண்ணில் உட்காருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் இந்த நோட்டு மட்டும் போதாது. மருத்துவரைப் பாருங்கள், 14416-க்குக் கூப்பிட்டால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி சேவையில் இலவசமாகப் பேசலாம். இதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மாதக் கடைசியில் முதல் வாரக் கோடுகளையும் கடைசி வாரக் கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளி குறையாவிட்டால் அதே பழக்கத்தோடு இன்னொரு மாதம். குறைந்திருந்தால் அடுத்த பழக்கத்துக்குப் புதுப் பக்கம்.