பெட்டிக்கு முன் பூ: வீட்டுத் தேனீ வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுத் தோட்டத்தில் தேனீ வளர்க்க விரும்புகிறவர்களில் பலர் முதலில் பெட்டியை வாங்குகிறார்கள், பிறகு அதை வைக்க இடம் தேடுகிறார்கள். அந்தத் தேனீக்கள் ஆண்டு முழுவதும் எதைத் தின்று உயிர் வாழும் என்ற கேள்வி, பெட்டி காலியான பிறகுதான் அவர்களுக்கு எழுகிறது. நானும் அந்த வரிசையில்தான் தொடங்கினேன். குமரி மாவட்டத்தில் நிரம்பி வழிந்துகொண்டிருந்த ஒரு பெட்டியை மே மாதக் கடைசியில் வாங்கி, மதுரைப் பக்கத்திலுள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 40 நாட்களுக்குள் ராணியும் பணித் தேனீக்களும் அடைகளை அப்படியே விட்டுவிட்டுப் பறந்துபோயின. விற்றவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. குமரியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்க்கும் காலத்தில், பூவிலிருந்து அல்ல, இளம் இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளிலிருந்து, தேனீக்கள் தேனாக்கும் இனிப்பு நீரான மதுரம் வடிகிறது. ஏறத்தாழ பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நீடிக்கும் அந்த மதுர வரவால் கூட்டங்கள் பெருகுகின்றன. பெருக்கத்தின் உச்சியில் வாங்கிய பெட்டியில் உண்ணும் வாய்கள் மிக அதிகம். நான் கொண்டுவந்து வைத்த இடத்திலோ வேம்பும் புங்கனும் பூத்து ஓய்ந்துவிட்டன, ஆடிக்காற்று தொடங்கவிருந்தது.

அடுக்குத் தேனீ என்றும் பொந்துத் தேனீ என்றும் நாம் அழைக்கும் இந்தியத் தேனீ, பசி வந்தால் இருந்து சாகாது, ஓடிவிடும். இத்தாலியத் தேனீக்கு இந்தக் குணம் மிகக் குறைவு. ஆகவே இத்தாலியத் தேனீயை வளர்ப்பவர்களின் காணொளிகளைப் பார்த்து நம் ஊர்த் தேனீயை வளர்க்க முற்படுவது, தொடக்கத்திலேயே நேரும் பெரிய தவறு. பெட்டியின் அளவே வேறு. தென்னிந்தியாவில் பணியாற்றிய பாதிரியார் நியூட்டன் 1910-களில் நம் தேனீயின் உடல் அளவுக்கேற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார். இன்றும் தமிழ்நாட்டில் நியூட்டன் பெட்டி புழக்கத்தில் இருப்பதற்கு அதுவே காரணம். இத்தாலியத் தேனீ பிசின் திரட்டி வந்து பெட்டியின் விரிசல்களைத் தானே அடைத்துக்கொள்ளும். இந்தியத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. பலகைகளுக்கு இடையே விரிசல் இருந்தால் அதை நாம்தான் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் எறும்பும் மெழுகுப் பூச்சியும் அந்த வழியாகவே நுழையும்.

இரண்டாவது தவறு, தன் தோட்டத்தை மட்டுமே தேனீயின் மேய்ச்சல் நிலமாக எண்ணுவது. இந்தியத் தேனீ பெரும்பாலும் 1 கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் இரை தேடுகிறது. 1 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 775 ஏக்கரை எட்டும். 5 சென்ட் மனை அந்த வட்டத்தில் ஒரு புள்ளி. மனையில் எத்தனை தொட்டிகளை வைத்தாலும், சுற்றியுள்ள ஊரில் மரங்கள் இல்லாவிட்டால் ஒரு கூட்டத்தைக் காக்க இயலாது. ஊரில் மரங்கள் போதிய அளவு இருந்தால், அவை பூக்காத மாதங்களின் இடைவெளியை நிரப்புவதுதான் தோட்டத்தின் வேலை. இந்த உண்மை விளங்கிய பிறகு நான் ஒரு வருடம் பெட்டி எதுவும் வாங்காமல் இருந்தேன். மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் எனக்குள்ள விருப்பம் அந்த வருடம் முழுவதும் இதற்குப் பயன்பட்டது. ஞாயிறு காலைகளில், வெயில் ஏறுவதற்கு முன், வீட்டை மையமாக வைத்து அந்த வட்டத்துக்குள் உள்ள தெருக்கள், கண்மாய்க்கரை, தோப்புப் பாதைகள் எல்லாவற்றிலும் மெதுவாகச் சென்று, எந்த மரம் எந்த வாரத்தில் பூக்கத் தொடங்குகிறது, எப்போது உதிர்க்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தேன். இப்படிப் பார்ப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு: மரங்களை எண்ணுவது போதாது, வண்டியை அணைத்துவிட்டு மரத்தடியில் நின்று கேட்க வேண்டும். பூத்த புங்கனின் கீழ் தேனீக்களின் ரீங்காரம் காதை நிறைக்கும். அந்த ஒலி இல்லாத மரம், எவ்வளவு அழகாகப் பூத்திருந்தாலும், கணக்கில் சேராது.

அந்தக் குறிப்பேடு எனக்குக் காட்டிய படம், தமிழகச் சமவெளியில் பல ஊர்களுக்கும் பொருந்தும். இலுப்பை, வேம்பு, புங்கன், நாவல் ஆகியவை பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே முந்தியும் பிந்தியும் பூக்கின்றன. புளி அவற்றைத் தொடர்ந்து வந்து சிறிது காலம் தாங்குகிறது. அதன் பிறகு வடகிழக்குப் பருவமழையில் தும்பை முதலிய சிறு செடிகள் முளைத்துப் பூக்கும் வரை பஞ்ச காலம். ஆண்டு முழுவதும் மாதத்துக்கு ஒரு பாளை என்ற கணக்கில் விரியும் தென்னையும், அவ்வப்போது பூக்கும் முருங்கையும் மட்டுமே அந்த இடைவெளியில் துணை நிற்கின்றன. நாட்டு மரங்களை நட வேண்டும் என்ற ஆர்வத்தில் புங்கனையும் வேம்பையும் மட்டுமே வரிசையாக நடுகிறவர்கள், ஏற்கெனவே விருந்து நடக்கும் மாதங்களிலேயே இன்னும் ஓர் இலையைப் போடுகிறார்கள். பசியுள்ள மாதங்களுக்கு என்ன நட்டோம் என்பதுதான் கேள்வி. ஜூன், ஜூலையில் பூக்கும்படி கணக்கிட்டு ஒரு பாத்தி எள் விதைப்பதும், சில கொத்தமல்லிச் செடிகளைப் பறிக்காமல் பூக்க விடுவதும், துளசிக் கதிர்களை முழுவதும் கிள்ளிவிடாமல் பாதியை விட்டுவைப்பதும் சிறிய செயல்கள். ஆனால் அவை சரியான நேரத்தில் கை கொடுக்கின்றன. மழைக்குப் பிறகு தானாக முளைக்கும் தும்பையைக் களை என்று பிடுங்கி எறிந்துவிட்டு, நாற்றுப் பண்ணையில் காசு கொடுத்துப் பூச்செடி வாங்கி வருவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கிறது.

செடியைத் தேர்ந்தெடுப்பதிலும் தவறுகள் பல. அடுக்குச் செம்பருத்தி போன்றவற்றில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறியிருப்பதால் தேனீக்கு அங்கே கிடைப்பது மிகக் குறைவு. ஒற்றை இதழ் வகைகளே தக்கவை. இட்லிப்பூவின் நீண்ட குறுகிய குழல் வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழலுக்கு எட்டும், தேனீயின் நாவுக்கு எட்டாது. நாட்டுச் செடி என்றாலே தேன் தரும் என்று நம்புவதும் சரியன்று. ஆவாரை நம் மண்ணுக்கே உரிய செடி. ஆனால் அதன் பூவில் மதுரம் சுரப்பதில்லை. மகரந்தமும் நுனியில் சிறு துளையுள்ள குழல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர வைக்கும் கருவண்டு போன்ற தனித்து வாழும் தேனீக்களால்தான் அதை உதிர்த்து எடுக்க முடியும். நம் பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கத்தரி, தக்காளி, சுண்டைக்கும் இதே நிலைதான். இதற்காக ஆவாரையை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தோட்டம் நம் பெட்டிக்கு மட்டும் உரியதன்று, மரக்கட்டையில் துளையிட்டு வாழும் கருவண்டுக்கும், வெறும் மண்ணில் வளை தோண்டும் சிறு தேனீக்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே வாசல் முதல் கொல்லை வரை சிமெண்ட் பூசிவிடுவதும் ஒரு தவறுதான். அழகுக்காக நடப்படும் ஆப்பிரிக்க டுலிப் மரத்தைத் தவிர்ப்பது நல்லது. அதன் பூக்களுக்குள் கொடுக்கில்லாத் தேனீக்கள் இறந்து கிடப்பது பிற நாடுகளில் பதிவாகியிருக்கிறது. நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்கும் செடிகளுக்கு இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் பூச்சிமருந்து இட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வேர் வழியாக ஏறும் அந்த மருந்து பூவின் மதுரத்துக்கும் மகரந்தத்துக்கும் சென்றுவிடுகிறது.

இனி, கூட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது. நீண்ட தூரமானால் வேன்தான் ஏற்றது. 15, 20 கிலோமீட்டர் என்றால் பைக்கின் பின்னிருக்கையே போதும், ஆனால் அதைப் பகலில் செய்யக் கூடாது. இருட்டி, வெளியே சென்ற தேனீக்கள் அனைத்தும் திரும்பிய பிறகே வாசலை அடைக்க வேண்டும். அடைப்பதற்குத் துணியைத் திணித்தால் காற்றோட்டமின்றி உள்ளே வெப்பம் ஏறிக் கூட்டம் மடியும், சன்னமான கம்பிவலையே சரி. அடைகளைத் தாங்கும் மரச் சட்டங்கள் வண்டி செல்லும் திசைக்கு இணையாக இருக்கும்படி பெட்டியை வைத்துக் கட்ட வேண்டும். குறுக்காக வைத்தால் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அடைகள் முன்னும் பின்னும் ஆடி, இடையில் உள்ள தேனீக்கள் நசுங்கும். புதிதாகக் கட்டிய அடை மிக மென்மையானது, அதில் தேனின் கனமும் இருந்தால் ஒரு வேகத்தடையே அதை அறுத்துவிடும்; அப்படிப்பட்ட பெட்டியைச் சில வாரங்கள் கழித்துக் கொண்டுவருவதே அறிவு. வீட்டுக்குள்ளேயே இடம் மாற்றுவதானால், நாளொன்றுக்கு இரண்டு மூன்று அடிக்கு மேல் நகர்த்தக் கூடாது. ஒரே இரவில் 50 அடி நகர்த்தினால், மறுநாள் மேய்ச்சலுக்குச் சென்ற தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பி, அங்கே பெட்டியைக் காணாமல் சுற்றிச் சுற்றி மாளும்.

வண்டி நிறுத்தும் கொட்டகையில் நிழல் இருக்கிறதே என்று பெட்டியை அங்கேயே வைப்பவர்கள் உண்டு. காலையில் இயந்திரத்தைக் கிளப்பும் அதிர்வும் புகையும் காவல் தேனீக்களைச் சீண்டும். இரவில் விளக்கு எரிந்தால் தேனீக்கள் அதைத் தேடி வந்து விழும். காலை வெயில் படும், நண்பகலில் மர நிழல் விழும் இடமே ஏற்றது. வாசலுக்கு எதிரே அண்டை வீட்டாரின் நடைபாதை இருந்தால், ஆள் உயரத்துக்கு ஒரு வேலியோ கொடிப் பந்தலோ எழுப்ப வேண்டும். தேனீக்கள் அதைத் தாண்ட மேலே ஏறிப் பறக்கும். கூழாங்கற்கள் இட்ட தண்ணீர்த் தட்டை முதல் நாளிலிருந்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை பக்கத்து வீட்டுத் தொட்டியை நாடும். ஒரு முறை பழகிய இடத்தை மாற்றுவது கடினம். பெட்டித் தாங்கியின் கால்களுக்குக் கீழே நீர்க் கிண்ணம் வைப்பது எல்லோரும் அறிந்ததே, கிண்ணம் வற்றுவதைக் கவனிக்காமல் விடுவதும் எல்லோரும் செய்வதே. கொசு மருந்துப் புகை அடிக்கும் வண்டி மாலையில் வருமானால், அது போகும் வரை வாசலை வலையால் மூடி, பெட்டியின் மீது ஈரச் சாக்கைப் போர்த்தலாம்.

அடிக்கடி திறந்து பார்க்கும் ஆசையை அடக்குவது புதியவர்களுக்குக் கடினம். அடையின் நடுப்பகுதியைத் தேனீக்கள் 34, 35 டிகிரி வெப்பத்தில் காத்துவருகின்றன. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த உழைப்பைக் குலைக்கிறோம். வாரத்துக்கு ஒரு முறை, காற்றும் மழையும் இல்லாத நேரத்தில், தேங்காய் நார்ப் புகையைச் சிறிதளவு காட்டிப் பார்த்தால் போதும். அப்போது கூம்பு போன்ற மூடியின் நடுவில் ஊசித்துளையுடன் சில அறைகள் தென்பட்டால் அது நோய் என்று அஞ்ச வேண்டாம். இந்தியத் தேனீயின் ஆண் புழு அறைகள் அப்படித்தான் இருக்கும். உண்மையான நோயின் தோற்றம் வேறு. புழுக்கள் அறைக்குள் நீட்டி நிமிர்ந்து, தலை மேல்நோக்கி, நீர் நிறைந்த பை போலக் கிடந்தால் அது தாய்லாந்தின் பெயரால் வழங்கும் தாய் சேக்புரூட் என்னும் நச்சுயிரி (வைரஸ்) நோய். 1991, 1992-ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது இதுதான். இதற்கு மருந்து இல்லை. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைக் கரைத்து ஊற்றுவதால் பயன் எதுவும் இல்லை, தேனில் மருந்தின் மிச்சம் கலப்பதுதான் நடக்கும். நலமாக இருக்கும் பெட்டியிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்து நோயுற்ற பெட்டிக்கு உதவியாகக் கொடுப்பதும், அதிலிருந்து ஒன்றை இதற்கு மாற்றுவதும் நோயைப் பரப்பும் வழி.

பஞ்ச காலத்தில் உணவளிக்க வேண்டியிருந்தால், சம அளவு வெள்ளைச் சர்க்கரையும் நீரும் கலந்த பாகை மாலை மங்கிய பிறகு பெட்டிக்குள் வைக்க வேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் நமக்கு நல்லவை, தேனீக்கு வயிற்றுப்போக்கைத் தருபவை. பகலில் வைத்தாலோ வெளியில் சிந்தினாலோ, அடுத்த கூட்டத்துத் தேனீக்கள் மணம் பிடித்து வந்து கொள்ளையிடும். பலவீனமான கூட்டம் அந்தச் சண்டையில் அழியும். மேலறையில் தேன் சேர்ந்துவரும் பருவத்தில் பாகு கொடுப்பது, தேனில் சர்க்கரை கலப்பதற்குச் சமம்.

கொட்டு வாங்கும்போது கையால் அடிப்பது இயல்பான எதிர்வினை; ஆனால் கொடுக்கிலிருந்து எழும், பழுத்த வாழைப்பழத்தை ஒத்த மணம் மற்ற தேனீக்களை அந்த இடத்துக்கே அழைக்கிறது. கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவி, அமைதியாக விலக வேண்டும். அந்த மணம் படிந்த கையுறையைத் துவைக்காமல் மறுநாள் பெட்டியருகே அணிந்து செல்லக் கூடாது. மூச்சுத் திணறலோ முக வீக்கமோ உடலெங்கும் தடிப்போ தோன்றினால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; அந்த நிலையில் தானே வண்டி ஓட்டிச் செல்லவும் கூடாது.

தேன் எடுப்பதில் நேரும் தவறு பெரும்பாலும் அவசரம்தான். அறைகளில் முக்கால் பங்காவது மெழுகால் மூடப்படும் முன் எடுத்த தேனில் நீர் மிகுதி, அது விரைவில் புளித்துப்போகும். மேலறையில் உள்ளதை மட்டும் எடுத்து, கீழறையின் ஓரச் சட்டங்களில் உள்ளதைத் தொடாமல் விட வேண்டும். ஆடி, ஆவணியில் கூட்டம் தங்குமா ஓடுமா என்பதை அந்த ஓரச் சட்டங்களே முடிவு செய்கின்றன. முதல் தேனை உறவினர்களுக்குக் கொடுக்கும் மகிழ்ச்சியில் ஒன்றை மட்டும் சொல்லத் தவறக் கூடாது: பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் இதைத் தடவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு தூய தேனிலும் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்துகள், அந்த வயதில் குடலில் முளைத்து நச்சைச் சுரந்து தசைகளைத் தளர வைக்கும் ஆபத்து உண்டு. நான் கொடுக்கும் ஒவ்வொரு குப்பியின் மீதும் இதை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுகிறேன்.