விர்ச்சுவல் ஏர்லைன்: ஒரே விமானத்துக்கு இரண்டு பைலட் மோதாமல் புக்கிங் அமைப்பது

கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் பறப்பவர்கள் சேர்ந்து நிஜ ஏர்லைன் போல நடத்தும் விர்ச்சுவல் ஏர்லைனைத் தொடங்குகிறவர்கள் லோகோவுக்கும் விமானத்தின் பெயிண்டுக்கும் நாள்கணக்கில் உட்கார்ந்துவிட்டு, புக்கிங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆள் சேர்ந்ததும் சண்டை வருவது அங்கேதான். இங்கே இலவசமாகக் கிடைக்கும் பிஎச்பிவிஎம்எஸ் 7 (phpVMS) என்ற விர்ச்சுவல் ஏர்லைன் நிர்வாக மென்பொருளை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் சப்ஃப்ளீட், அதாவது ஒரே வகை விமானங்களின் தொகுப்பு. ஏ320 எல்லாம் ஒன்றில், ஏடிஆர் 72 எல்லாம் இன்னொன்றில். ஒவ்வொரு விமானத்தையும் தனிப் பதிவெண்ணோடு சேர்த்து, இப்போது எந்த ஏர்போர்ட்டில் நிற்கிறது என்பதையும் நிரப்புங்கள். எந்த ரேங்க் (பைலட்டின் படிநிலை) எந்த விமானத்தை ஓட்டலாம் என்ற கட்டுப்பாடு போட்டிருந்தால் சப்ஃப்ளீட்டை அந்த ரேங்க்கோடு இணைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பைலட்டுக்கு விமானமே காட்டாது.

அடுத்து செட்டிங்ஸ். புறப்படும் ஏர்போர்ட்டில் நிற்கும் விமானத்தை மட்டும் எடுக்கலாம் என்பதை ஆன் செய்யுங்கள். ஹீத்ரோவில் நிற்கும் ஏ320-ஐ ஒருவர் எடின்பரோவுக்கு ஓட்டிப்போய்விட்டால், அடுத்தவர் அதை எடின்பரோவிலிருந்துதான் எடுக்க முடியும். விமானத்தைப் பகிர்ந்துகொள்கிற சுவையே இதில்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள்: விமானத்தின் இடம் மாறுவது தரையிறங்கியதும் அல்ல, பைரெப் (பறந்து முடித்ததும் பைலட் அனுப்பும் அறிக்கை) ஏற்கப்பட்ட பிறகுதான். அட்மின் இரண்டு நாள் பார்க்காமல் விட்டால் அது இன்னும் ஹீத்ரோவிலேயே நிற்பதாகக் காட்டும். அதனால் ஏகார்ஸ் (பறப்பதைத் தானாகப் பதிவுசெய்யும் மென்பொருள்) வழியாக வரும் பைரெப்புகள் தானாகவே ஏற்கப்படும்படி ரேங்க் பக்கத்தில் வைத்துவிடுங்கள், கையால் எழுதி அனுப்புவதை மட்டும் நீங்கள் பாருங்கள்.

இனி பிட், அதாவது ஒரு ஃப்ளைட்டை முன்கூட்டியே தனக்கென்று பிடித்து வைக்கும் விஷயத்துக்கு வருவோம். ஒருவர் பிட் போட்ட ஃப்ளைட்டை வேறு யாரும் எடுக்க முடியாதபடி செய்யுங்கள். ஒரே ஆள் பல பிட் போடுவதை, விமானங்கள் குறைவாக இருக்கும்வரை அனுமதிக்க வேண்டாம், சிலர் ஆசைக்கு நாலைந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஓட்டவே மாட்டார்கள். பிட்டின் காலாவதி நேரம் 48 மணி நேரம் என்று வைத்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கும் போதும். நேரம் முடிந்த பிட் தானாக நீங்க, சர்வரில் க்ரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகச் செய்யும் வசதி) ஓட வேண்டும். ஓடாவிட்டால் பழைய பிட் அப்படியே கிடக்கும்.

பைலட் தான் இருக்கும் ஊரிலிருந்து மட்டுமே பறக்க வேண்டும் என்ற விதியை ஆரம்பத்தில் போடாதீர்கள், பத்துப் பேர் இருக்கும் ஏர்லைனில் ஆளும் விமானமும் ஒரே ஊரில் சேர்வதே பெரும்பாடு.

எல்லாம் முடிந்ததும் இரண்டு சோதனைக் கணக்குகளில் உள்ளே போய், ஒன்றில் பிட் போட்டுவிட்டு மற்றொன்றில் அதே ஃப்ளைட்டைத் தேடிப் பாருங்கள். எடுக்க முடிந்தால் செட்டிங் சேமிக்கப்படவில்லை என்று அர்த்தம், மறுபடி போய்ப் பாருங்கள்.