வீட்டில் வாத்து வளர்ப்பு: முதலில் கூண்டு, பிறகுதான் குளம்

வாத்து வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் குளத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். குளம் இல்லாமலும் வாத்து நலமாக வாழும். ஆனால் தெருநாயும் கீரியும் மரநாயும் உலவும் இடத்தில், சரியாக அடைக்காத ஒரே இரவில் அத்தனை வாத்துகளையும் இழக்க நேரிடும். ஆகவே, குஞ்சு வாங்கும் முன்பே கூண்டு வேலையை முடித்துவிடுங்கள். வாத்து தனிமையைத் தாங்காது என்பதால் குறைந்தது இரண்டு வாத்துகளையாவது வளர்க்க வேண்டும்.

1. கூண்டு

பெரிய வாத்து ஒன்றுக்கு 4 சதுர அடி இடம் வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண் கோழிவலையை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அது வாத்தை உள்ளே நிறுத்துமே தவிர, நாயின் பல்லுக்குத் தாங்காது. அரை அங்குலச் சதுரக் கண் கொண்ட வெல்ட் மெஷ்ஷே (பற்றவைத்த கம்பிவலை) வாங்குங்கள். தோண்டி நுழையும் விலங்குகளைத் தடுக்க, வலையின் அடிப்பகுதியை வெளிப்புறமாக ஓரடி மடித்துத் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் மண்ணும் கல்லும் பரப்ப வேண்டும்.

பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் கதவுதான். சாத்திய கதவின் அடியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தாலும் பலகை அடித்து மூடிவிடுங்கள்; மழையில் மண் கரைந்து அந்த இடைவெளி மீண்டும் உண்டாகும் என்பதால், மழைக்காலத்தில் தினமும் மாலையில் குனிந்து பார்ப்பது அவசியம். தாழ்ப்பாள் தானே நகராதபடி அதில் ஒரு கொக்கியையும் மாட்டுங்கள். காற்றோட்டத்துக்கான திறப்பு வாத்தின் தலைக்கு மேலே இருக்கட்டும். தரையில் உமியைக் கனமாகப் பரப்பி, நனைந்ததை உடனே அள்ளிவிடுங்கள்.

வாத்துகள் பெரும்பாலும் விடியும் முன்னரே முட்டையிடுவதால், காலை 8 மணிக்குமேல் திறந்துவிட்டால் முட்டைகள் புதரில் சிதறாது.

2. தண்ணீர்

கண்ணும் மூக்குத் துளைகளும் மூழ்கும்படி தலையை முக்கிக் கழுவ முடியாவிட்டால் வாத்துக்குக் கண்நோய் வரும். அகன்ற பேசின் ஒன்று போதும். தினமும் மாற்றும் அழுக்குத் தண்ணீரை வாழைக்கு ஊற்றலாம்.

3. தீவனம்

உலர்ந்த மாவு தொண்டையில் அடைக்கும் என்பதால், தீவனத்தைப் பிசைந்து வைத்து, பக்கத்திலேயே தண்ணீரும் வையுங்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு கோழியைவிட வாத்தை மிக எளிதில் கொல்லும். மழைக்காலத்தில் கடலைப் பிண்ணாக்கை அறவே தவிர்ப்பதே என் வழக்கம். குஞ்சுகளுக்கு நயாசின் (ஒரு பி வைட்டமின்) கூடுதலாகத் தேவை. அது குறைந்தால் கால்கள் வளைந்துவிடும்.

4. தடுப்பூசி

வாத்து பிளேக் என்னும் வைரஸ் நோய்க்கான தடுப்பூசியை, 8 முதல் 12 வார வயதுக்குள் கால்நடை மருத்துவரிடம் வாத்துகளுக்குப் போட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: குஞ்சுகளை எப்போது நீந்த விடலாம் என்று பலர் கேட்டிருந்தார்கள். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சின் தூவிக்குத் தாயிடமிருந்து எண்ணெய்ப் பூச்சு கிடைப்பதில்லை. தண்ணீரில் விட்டால் நனைந்து, குளிரில் விறைத்து இறந்துவிடும். முதல் வாரம் சுமார் 32 டிகிரி வெப்பத்தில் வைத்து, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து வாருங்கள். இறகு முழுவதும் முளைத்த பிறகே நீந்த விடவும். அதுவரை குஞ்சு உள்ளே இறங்கி நனையாதபடி, குடிநீர்க் கிண்ணத்திலும் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள்.