கைதட்டலுக்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள்: சின்ன அரங்கில் புது மியூசிக்கல் போடுகிறவர்களுக்கு

ஐம்பது அறுபது பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஃபிரிஞ்ச் அரங்கில் (பெரிய வணிக அரங்குகளுக்கு வெளியே இயங்கும் சின்ன அரங்கில்) புதிதாக ஒரு மியூசிக்கல், அதாவது பாட்டும் வசனமும் நடனமுமாகக் கதை சொல்லும் நாடகம், போடுகிறீர்கள் என்றால், முதல் நாள் முடிவில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்ட நிறைய வாய்ப்பு இருக்கிறது. அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். முதல் நாள் வந்தவர்களில் பெரும்பகுதி நடிகர்களின் அம்மா அப்பா, கூடப் படித்தவர்கள், கூட வேலை செய்கிறவர்கள். போதாக்குறைக்கு, அவ்வளவு சின்ன அறையில் முன்வரிசையில் நாலு பேர் எழுந்துவிட்டால் பின்னால் இருப்பவருக்கு மேடை மறைந்துவிடும், அவரும் எழுந்துதான் ஆக வேண்டும். உண்மையான பதில் அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில், இருட்டில், நாற்காலிகளில் இருக்கிறது.

எனவே முதல் வேலை, நீங்கள் மேடையைப் பார்ப்பதை நிறுத்துவது. எழுதியவர், இசையமைத்தவர், இயக்குநர் மூவரில் ஒருவராவது ஒவ்வொரு காட்சிக்கும் பக்கவாட்டில் ஓரமாக உட்கார்ந்து கூட்டத்தை மட்டும் பார்க்க வேண்டும். கையில் ஸ்கிரிப்ட்டும் பென்சிலும் போதும், ஃபோன் வெளிச்சம் கூடாது, இருட்டில் கிறுக்கிப் பழகிக்கொள்ளுங்கள். சிரிப்புக்கு ஒரு குறி, இருமலுக்கு ஒரு குறி, நாற்காலியில் நெளிவதற்கு ஒரு குறி. ஒருவர் இருமினால் தொண்டை சரியில்லை என்று அர்த்தம், ஒரே பாட்டின் இரண்டாவது சரணத்தில் மூன்று பேர் இருமினால் அந்தச் சரணம் சரியில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: பாட்டுப் பட்டியல் அச்சிட்ட தாளை மடியில் வைத்திருப்பவர் எப்போது அதை மெல்லத் திருப்பி, விரலை வைத்து, இன்னும் எத்தனை பாட்டு பாக்கி என்று எண்ணுகிறார் என்பது. அந்த நிமிடத்தில் மேடையில் என்ன வரி ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதி வையுங்கள். வெளியே வந்து அதே மனிதர் 'ரொம்ப நல்லா இருந்தது' என்றுதான் சொல்வார், பொய் சொல்ல வேண்டும் என்பதற்காக இல்லை, எதிரில் வியர்த்து விறுவிறுத்து நிற்கும் ஆளிடம் வேறெதுவும் சொல்ல மனசு வராது.

அமைதியிலும் ரகம் உண்டு. எல்லோரும் அசையாமல், சிலர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து இருந்தால் கதை அவர்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதுகு நாற்காலியில் சாய்ந்து, கால் மாற்றிப் போட்டு, பக்கத்தில் இருப்பவரை ஒரு பார்வை பார்த்தால் கை நழுவிக்கொண்டிருக்கிறது. ஒருவர் மட்டும் அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள், ஒரு வரிசையே அப்படி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் அறையில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன அரங்குகள் பல நேரம் புழுக்கமாக இருக்கும், புழுக்கத்தால் வரும் நெளிவை எழுத்தின் தலையில் கட்ட வேண்டாம்.

பாட்டு முடிந்தும் கைதட்டல் வரவில்லை என்று பதறும் இசையமைப்பாளர்கள் நிறைய. பாட்டு பிடிக்கவில்லை என்று உடனே நினைக்காதீர்கள். கடைசி ஸ்வரம் பளிச்சென்று வெட்டி நின்றால்தான் கூட்டத்துக்குக் கைதட்ட இடம் கிடைக்கும். வாத்தியம் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்க, அதன் மேல் அடுத்த வசனம் தொடங்கினால், தட்டலாமா வேண்டாமா என்று தயங்கியே அந்த நேரம் போய்விடும். கைதட்டல் வேண்டுமா, கதை ஓட வேண்டுமா என்று பாட்டுக்குப் பாட்டு நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

'பாட்டு எதுவும் மனசில் நிற்கவில்லை' என்ற விமர்சனம் கண்டிப்பாக வரும். மெட்டில் கை வைப்பதற்கு முன் வார்த்தை காதில் விழுந்ததா என்று பாருங்கள், ஏனென்றால் சின்ன அரங்கில் பெரும்பாலும் மைக் இருக்காது, கீபோர்டும் டிரம்மும் நடிகர்களிடமிருந்து நாலடி தூரத்தில் இருக்கும், வேகமான பாட்டில் பாதி வரி அங்கேயே அமுங்கிப்போகும், வரி புரியாத பாட்டை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். இதைச் சோதிக்க சுலபமான வழி, கதையே தெரியாத ஒருவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, அந்தப் பாட்டில் பாத்திரம் என்ன முடிவெடுத்தது என்று மட்டும் கேட்பது. சொல்லத் தெரியவில்லை என்றால் முதலில் டிரம்மை அடக்குங்கள், மூச்சுவிட இடமில்லாத வரிகளைத் தளர்த்துங்கள், மெட்டை அப்புறம் பார்க்கலாம்.

வார நடுவில் ஒரு நாள் பன்னிரண்டு பேர் மட்டும் வருவார்கள். அன்று எந்த நகைச்சுவையும் எடுபடாது. தனியாகச் சிரிக்க மனிதர்களுக்குக் கூச்சம், அதிலும் நடிகர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று நேராகக் கண்ணைப் பார்க்கும்போது இன்னும் கூச்சம். வாசலில் நிற்பவரிடம் சொல்லி எல்லோரையும் நடுவில் நெருக்கமாக உட்கார வையுங்கள், சிதறி உட்கார்ந்த பன்னிரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்த பன்னிரண்டு பேரும் ஒரே கூட்டம் இல்லை. ஒரே ஒரு நாள் நடந்ததை வைத்து நாடகத்தில் எதையும் வெட்டாதீர்கள். அரங்கின் அனுமதியோடு, வருகிறவர்களுக்கும் தெரியப்படுத்திவிட்டு, பின்வரிசையில் ஒலிப்பதிவு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் பதிவைப் போட்டுக் கேட்டால், சனிக்கிழமை நிறைந்த கூட்டத்திலும் செவ்வாய்க்கிழமை காலிக் கூட்டத்திலும் ஒரே இடத்தில் சிரிப்பு வருகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டிலும் வராத இடம்தான் உங்கள் கவலை.

இடைவேளை விட்டால், வெளியே போய் நின்று காதை மட்டும் திறந்து வையுங்கள், யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள். 'அவள் அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுவாளா' என்ற மாதிரிப் பேச்சு காதில் விழுந்தால் நிம்மதியாக இருக்கலாம். 'அந்தப் பையனுக்கு என்ன குரல்' என்று மட்டும் பேசினால் குரல் ஜெயித்திருக்கிறது, கதை இன்னும் ஜெயிக்கவில்லை. கடைசி ரயிலைப் பற்றிப் பேசினால் முதல் பாதி நீளம்.

கேள்வி கேட்பதை மறுநாளுக்குத் தள்ளிப்போடுங்கள், எழுத்தில் கேளுங்கள். 'பிடித்ததா' என்று கேட்டால் 'பிடித்தது' என்றுதான் வரும். எந்த இடத்தில் மனசு வேறெங்கோ போனது, யார் யாருக்கு என்ன உறவு என்பதில் எங்கே குழப்பம் வந்தது, இந்தக் கதையைப் பார்க்காத ஒருவருக்கு இரண்டு வரியில் எப்படிச் சொல்வீர்கள், இந்த மூன்றும் போதும். மூன்றாவது கேள்வி தங்கம். நாடகம் மகளைப் பற்றியது என்று நீங்கள் நினைத்திருக்க, பத்தில் ஏழு பேர் அம்மாவைப் பற்றி எழுதினால், அம்மாவிடம்தான் நல்ல பாட்டு இருக்கிறது என்று பொருள். நேரில் கலந்துரையாடல் வைக்கிறீர்கள் என்றால், நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். முதலில் மனசைத் தொட்டதைப் பார்வையாளர்கள் சொல்வார்கள், அடுத்து படைத்தவர் கேள்வி கேட்பார், பிறகு பார்வையாளர்கள் தங்கள் அபிப்பிராயத்தை உள்ளே ஒளித்து வைக்காத கேள்விகளைக் கேட்பார்கள், கடைசியில்தான், அதுவும் படைத்தவர் சம்மதித்தால்தான், அபிப்பிராயம். 'ஏன் இவ்வளவு நீளம்' என்று கேட்டால் அபிப்பிராயம், 'இந்தக் காட்சி எதற்காக இருக்கிறது' என்று கேட்டால் கேள்வி. இந்த வித்தியாசத்தை ஆரம்பத்திலேயே கூட்டத்துக்கு விளக்கிவிடுங்கள்.

இனி வந்த பதில்களை வைத்து என்ன செய்வது? வலிக்கும் இடத்தைக் கூட்டம் சரியாகக் காட்டும், வைத்தியத்தைத் தப்பாகச் சொல்லும். 'இரண்டாம் பாதி இழுக்கிறது' என்றால் பலமுறை கோளாறு முதல் பாதியில்தான், நாயகிக்கு என்ன வேண்டும் என்று முதல் கால் மணி நேரத்தில் ஒரு பாட்டு தெளிவாகச் சொல்லியிருக்காது. இதற்குப் பேர்போன உதாரணம் 1962இல் நடந்தது. 'எ ஃபன்னி திங் ஹேப்பன்ட் ஆன் த வே டு த ஃபோரம்' என்ற நகைச்சுவை மியூசிக்கல் நியூயார்க் போவதற்கு முன் வாஷிங்டனில் வெள்ளோட்டமாக ஓடியபோது கூட்டம் சிரிக்கவில்லை. தொடக்கப் பாட்டு மென்மையான காதல் பாட்டு, அதைக் கேட்டவர்கள் கூத்தை எதிர்பார்க்கவே இல்லை. உதவிக்கு வந்த இயக்குநரும் நடன அமைப்பாளருமான ஜெரோம் ராபின்ஸ், என்ன வகை நாடகம் என்பதை முதல் பாட்டே சொல்லிவிட வேண்டும் என்றார். அதன் பாட்டுகளை எழுதி இசையமைத்த ஸ்டீபன் சோண்ட்ஹைம் 'காமெடி டுநைட்' என்ற புதிய தொடக்கப் பாட்டை எழுதினார், முதல் பாட்டு மாறியதும் கூட்டமும் மாறியது. நகைச்சுவை எடுபடவில்லை என்று நகைச்சுவையையே திருத்திக்கொண்டிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாற்றும்போது முதலில் வெட்டுங்கள், புதிதாகச் சேர்ப்பது கடைசி. ஒரு பாட்டை மாற்றினால் வாத்தியக்காரரின் தாள், ஒளிக் குறிப்பு, நடன அசைவு எல்லாம் மாறும், அன்று மாலையே நடிகர்கள் அதைத் தாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மாற்றத்துக்கு மேல் வேண்டாம், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது. விமர்சகர்கள் வரும் நாளில் ஒரு வரியைக்கூடத் தொடாதீர்கள். ஓட்டம் முடிவதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். 'ஆபரேஷன் மின்ஸ்மீட்' என்ற மியூசிக்கல் 2019இல் லண்டனின் நியூ டையோராமாவில், எண்பது இருக்கை அரங்கில் தொடங்கி, வேறு சின்ன அரங்குகளில் திருத்தித் திருத்தி ஓடி, 2023இல்தான் லண்டனின் பெரிய வணிக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டுக்குப் போனது. நடுவில் கிடைத்த ஒவ்வொரு கூட்டமும் அதற்குப் பாடமாக இருந்திருக்கும்.

யாராவது பொதுவெளியில் கடுமையாக எழுதினால் பதில் எழுதாதீர்கள், நடிகர்களையும் எழுத விடாதீர்கள். பணம் கொடுத்து வந்தவருக்கு அந்த உரிமை இருக்கிறது, அவர் எழுதியதில் ஒரு குறிப்பிட்ட காட்சியின் பெயர் இருந்தால் அது சும்மா புகழ்ந்த பத்துப் பேரைவிட உங்களுக்கு அதிகம் உதவும். விளம்பரத்துக்கு யாருடைய வரியையாவது எடுத்தால் முழு வாக்கியமாக எடுங்கள், 'அருமையான குரல்கள், ஆனால் கதை இல்லை' என்பதை 'அருமையான' என்று சுருக்கிப் போடுவது அந்த மனிதரை ஏமாற்றுவது.

கடைசிக் காட்சி முடிந்து மேடையைப் பிரிப்பதற்கு முன், எல்லா நாள் ஸ்கிரிப்ட்களின் ஓரக் குறிப்புகளையும் ஒரே பிரதியில் நாள்வாரியாக வேறு வேறு நிறத்தில் ஏற்றிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் எந்தக் குறி எதற்கு என்று மறந்துபோகும்.