வலிமருந்தும் மூச்சும்: வீட்டில் நேரும் தவறுகள்

"மாத்திரை போட்டதும் அசந்து தூங்குகிறார், எழுப்ப வேண்டாம்." மார்பின், டிரமடால், ஃபென்டனில் போன்ற வலிமருந்து எடுப்பவர் இருக்கும் வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. உயிருக்கு உலை வைக்கும் தவறும் இதுதான். இரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது மூச்சைத் தூண்டிவிடுவது மூளைத்தண்டின் வேலை. இந்த மருந்துகள் அளவு மீறினால் அந்த வேலை மந்தமாகிவிடும். நோயாளிக்குத் திணறல்கூடத் தெரியாது. மூச்சு சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போகும். பெரும்பாலும் மயக்கம்தான் முந்தி வரும்.

ஆகவே முதலில் மூச்சை எண்ணுங்கள், பிறகு எழுப்புங்கள். எழுப்பிய பின் எண்ணினால் கணக்கு மாறிவிடும். மார்பு ஏறி இறங்குவதை முழுதாக 60 விநாடி பார்க்க வேண்டும். மருந்தால் குறையும் மூச்சு நடுநடுவே நின்று நின்று வரும் என்பதால், 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஏமாந்துபோவீர்கள். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 இயல்பு. 10க்குக் கீழே போனாலோ, பேசும்போதே கண் செருகினாலோ அடுத்த வேளை மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். 8 அல்லது அதற்கும் கீழ், உதடு நீலம், தூக்கக் கலக்கத்தோடு கடுகளவு சுருங்கிய கண்மணி, தட்டியும் எழாத நிலை, இதுவரை இல்லாத களகளவென்ற குறட்டை: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். அது கரியமில வாயுவை அளப்பதில்லை. ஆக்சிஜன் வைத்திருப்பவருக்கு மூச்சு ஆபத்தாகக் குறைந்த பிறகும் எண் நன்றாகவே இருக்கும்.

அடுத்தது மருந்துக் கலப்பு. எலும்பு மருத்துவர் டிரமடால் தந்திருப்பார். தூக்கம் வரவில்லை என்று வேறொருவரிடம் அல்பிரசோலம் வாங்கியிருப்பார்கள். நரம்பு வலிக்குப் பிரிகாபலின் ஓடிக்கொண்டிருக்கும். தனித்தனியே சரியான அளவாக இருந்தாலும் மூன்றும் சேர்ந்து ஒரே திசையில் இழுக்கும். வலிமருந்தோடு அல்பிரசோலம் வகைத் தூக்க மாத்திரை சேர்வது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. மதுவும் இதே கணக்கில்தான் வரும், தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையும் வரும். எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை இருக்கும் இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். காய்ச்சலிலும் அப்படியே. பழைய பட்டையை எடுக்காமல் புதியதை ஒட்டிவிடுவதும் நடக்கிறது. 12 மணி நேரத்துக்கான மார்பின் மாத்திரையை விழுங்க முடியவில்லை என்று பொடித்துக் கொடுத்தால் அரை நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

பழகிய அளவுதானே என்ற எண்ணமும் தவறு. வாந்தி, பேதியில் சிறுநீர் குறைந்தால் மார்பினின் கழிவு உடலிலேயே தேங்கும். கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பிறகு வலி தணிந்தால், அதுவரை மூச்சைத் தூண்டிக்கொண்டிருந்த வலியும் போய்விடுகிறது. நேற்றுவரை பொருந்திய அளவு இன்று அதிகமாகிவிடும். இந்த இரண்டு நிலையிலும் அளவை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பயந்துகொண்டு நீங்களாகவே அடியோடு நிறுத்திவிடாதீர்கள். புற்றுநோய் வலிக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றிய மார்பின் பாதுகாப்பானது. திடீரென நிறுத்தினால் வலியோடு நடுக்கம், வியர்வை, பேதி என்று வேறு துன்பமும் வந்து சேரும்.

கோடீன் கலந்த இருமல் மருந்தை 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தரவே கூடாது. சிலர் உடல் கோடீனை மிக வேகமாக மார்பினாக மாற்றும். யார் அப்படி என்று பார்த்துச் சொல்ல முடியாது.

108 வரும்வரை மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பட்டையைப் பிரித்தெடுங்கள். வாயில் காபியோ உப்புத் தண்ணீரோ ஊற்றாதீர்கள், புரையேறும். மூச்சு நின்றிருந்தால் 108இல் பேசுபவர் சொல்லச் சொல்ல முதலுதவி செய்யுங்கள். மருத்துவமனையில் இந்த வலிமருந்துகளை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்டால் சில நிமிடங்களில் விழித்துவிடுவார். ஆனால் அதன் பலன் 30 முதல் 90 நிமிடம்தான் நீடிக்கும். நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையும் பட்டையும் அதைத் தாண்டி உடலில் நிற்கும். அல்பிரசோலத்தை அது முறிக்கவும் செய்யாது. கண் திறந்துவிட்டாரே என்று கையெழுத்துப் போட்டு உடனே வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள்.