20 இலக்க எண்ணைப் பேனாவால் பிரிப்பது எப்படி?

18446744073709551615. சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களிலும் சேரும் மொத்தம் இதுதான். இதன் பகாக் காரணிகளைக் கண்டுபிடிக்கக் கணினி வேண்டாம்.

முதலில் இலக்கங்களைக் கூட்டுங்கள். 87 வரும், அப்படியானால் 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. கடைசியில் 5 இருப்பதால் 5ஆலும் வகுபடும். ஆனால் இப்படி ஒவ்வொன்றாகத் தேடினால் விடிந்துவிடும்.

இது 2இன் 64ஆம் அடுக்கிலிருந்து 1 குறைந்த எண் என்பதுதான் பிடி. ஒரு வர்க்க எண்ணிலிருந்து 1ஐக் கழித்தால் மூலத்துக்கு முந்தைய எண், பிந்தைய எண் இரண்டின் பெருக்கல் கிடைக்கும் என்று பள்ளியில் படித்தோமே, அதையே திரும்பத் திரும்பப் போட்டால் 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297 என்று உடைந்துவிடும். முதல் ஐந்தும் பகா எண்கள்.

கடைசியும் பகா எண்தான் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732இல் இன்னொரு கணித அறிஞரான ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்தார். அந்தக் கடைசி எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 64இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்க முடியும். எனவே 193, 257, 449, 577 என்று வகுத்துப் பாருங்கள், எதுவும் போகாது, அடுத்த 641 மீதியில்லாமல் போகும். ஈவு 6700417, அதுவும் பகா எண்.

சரி, ஆக ஏழு பகாக் காரணிகள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால் மொத்த வகுத்திகள் 2இன் 7ஆம் அடுக்கு, அதாவது 128.